வண்டிக்குள்ள ஒரு திண்ணை

கார்த்திகைக்கு அப்புறம் ஒண்ணும் எழுதலையேன்னு நாலஞ்சு பேர் கேட்டிருந்தீங்க. மஞ்சள் வெட்டு, வேகவைக்கிறது, களத்துல காயவைக்கிறதுன்னு வேலை ஒரு பக்கம். அம்மா விழுந்தது இன்னொரு பக்கம். இப்ப பங்குனி பொறந்திருச்சு. களம் காலியாக் கிடக்குது. உக்காந்து எழுத நேரம் கிடைச்சிருக்குது. வண்டியில பலகை போட்ட கதையைச் சொல்றேன்.

எங்கிட்ட இருக்கிறது பழைய டீசல் வண்டி. டவுன்ல எஸ்.யூ.வி.ன்னு சொல்றீங்க, எங்க ஊர்ல இன்னைக்கும் அதுக்கு ஜீப்புன்னுதான் பேரு. பின்கதவுல ஸ்டெப்னி தொங்கும். கடைசியில எதிரெதிரா மடக்குற ரெண்டு சின்ன சீட்டு இருக்கும். இதுக்கு மேல பேர் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே புரிஞ்சிருக்கும். 6 வருசம் முன்னாடி ரெண்டாம் கையா வாங்கினது. வாழைத்தார், கத்தரிக்காய்ச் சாக்கு, மாட்டுத் தீவனம், கல்யாணத்துக்குப் போற சொந்தக்காரங்கன்னு எல்லாத்துக்கும் அதுதான்.

அம்மாவுக்கு 79 வயசு. ஐப்பசியில, மழை பேஞ்ச மறுநாள், பொடக்காளியில பாசி வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்புக்கிட்ட தொடை எலும்போட பந்துக் கிண்ணம் சேர்ற இடத்துல உடைஞ்சு போச்சு. ஈரோட்டுல ஆபரேசன். உடைஞ்ச பந்தை எடுத்துட்டு உலோகத்துல ஒண்ணு வச்சாங்க. வீட்டுக்கு அனுப்பறப்ப டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தாரு. தரையில உக்காரக் கூடாது. தாழ்வான நாற்காலி ஆகாது. கால் மேல கால் போடக் கூடாது. படுத்தா ரெண்டு காலுக்கும் நடுவுல தலைகாணி இருக்கணும். இடுப்பை ரொம்ப மடக்கினா வச்ச பந்து கிண்ணத்தை விட்டு வெளிய வந்துடுமாம். அப்புறம் திரும்பவும் முதல்ல இருந்து.

ஆறு வாரத்துல வாக்கர் பிடிச்சு ஆசாரம் வரைக்கும் நடந்துட்டாங்க. ஆனா உக்காந்தா கால் மணி நேரம்தான். அதுக்கு மேல முகம் மாறிடும். வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ற பொம்பளை இல்லை. நாமதான் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்.

அப்பத்தான் மாமன் படுத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. அம்மாவுக்குக் கூடப் பொறந்தது அவர் ஒருத்தர்தான். 4 வருசம் இளையவர். அம்மா பொறந்த ஊரு காங்கயத்துக்குத் தெற்கே. எங்க கோபிப் பக்கம் கொடிவேரி வாய்க்கால் பாயற நெல்லு பூமி. அங்க மானாவாரி, கொறங்காடு, கிளுவை வேலி. அம்மா கல்யாணம் ஆகி வந்தப்ப இத்தனை தண்ணியைப் பார்த்து மிரண்டு போனேன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. போக சுமார் 70 கிலோமீட்டர்.

மாமனால எந்திரிக்க முடியலை. அம்மாவால உக்கார முடியலை. ரெண்டு பேருக்கும் காது வேற மந்தம், போன்ல பேசினா ரெண்டு பக்கமும் "ஆ? ஆ?"தான். ஒரு நா ராத்திரி மாத்திரை கொடுக்கப் போனப்ப அம்மா கேட்டாங்க: "கண்ணு, என்னைய ஒருக்கா தம்பிகிட்டக் கூட்டிட்டுப் போறயா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் போயி என்னத்தப் பாக்கறது? மூஞ்சி மூடின துணியையா?"

நான் பதில் சொல்லாம வெளிய வந்துட்டேன்.

108-ஐ இதுக்குக் கூப்பிட முடியாது. உசுருக்கு ஆபத்துன்னு தவிக்கிறவங்களுக்கான வண்டி அது. தம்பியைப் பாக்கப் போறதுக்கு அதைக் கூப்பிட்டா வேற யாரோ ஒருத்தருக்கு இல்லாமப் போகும். தனியார் ஆம்புலன்ஸ் விசாரிச்சேன். போக வர, அங்க காத்திருக்கறதுக்குச் சேர்த்து 6,500 கேட்டாங்க. அதைக்கூடக் கொடுத்திருப்பேன். அம்மாதான் "சங்கு ஊதற வண்டியில ஊருக்குள்ள போனா என் தம்பி என்னைய வழியனுப்ப வந்ததா நெனச்சுக்குவான்"னுட்டாங்க.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. 2009-ல அப்பாவுக்கு முடியாமப் போனப்ப ஒரு வாடகை வண்டியில சீட்டை மடக்கிப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போனோம். மடக்கின சீட்டுக்கும் பின்னாடி சீட்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம். தலைகாணியைத் திணிச்சோம், போர்வையைத் திணிச்சோம். ஒவ்வொரு குழியிலயும் அது நழுவி நழுவி அவர் முதுகு அந்தப் பள்ளத்துக்குள்ள போயிரும். "கொஞ்சம் மெல்லப் போகச் சொல்லு சாமி"ன்னு ரெண்டு தடவை சொன்னாரு. மூணாவது தடவை சொல்லலை, என் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டாரு. மூணு நாள்ல ஆசுபத்திரியிலயே போயிட்டாரு. அந்தப் பள்ளத்தால அவர் சாகலை, எனக்குத் தெரியும். ஆனா அவருடைய கடைசிப் பிரயாணம் அதுதானே.

அதனால வண்டிக்குள்ள மட்டமா ஒரு தளம் போட்டே ஆகணும்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல டாக்டரைக் கேட்டேன். படுத்த வாக்குல கூட்டிட்டுப் போங்க, கால் நடுவுல தலைகாணி எடுக்காதீங்க, மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்க, வழி பூரா பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே வரச் சொல்லுங்கன்னாரு. அசையாமக் கிடந்தா காலுல ரத்தம் கட்டிக்கும்ங்கிறதுக்காக.

பெங்களூர்ல இருக்கிற எங்க அக்கா பையன், மாப்பிள்ளை, லீவு விட்டா காரை எடுத்துட்டு மலை ஏறிடுவான். காருக்குள்ளயே படுக்கை போட்டுத் தூங்கறான். வீட்டுல நல்ல கட்டில் இருக்கறப்ப இவன் எதுக்குக் காருக்குள்ள போயி படுக்கறான்னு நான் கேலி பண்ணினது உண்டு. இப்ப அவனுக்கே போன் போட்டேன். மளமளன்னு பத்து வீடியோ அனுப்பினான். எல்லாம் வெள்ளைக்காரங்க, பைன் மரப் பலகை, இழுப்பறை, விளக்கு. அதுல ஒண்ணும் நமக்கு ஆகாது. ஆனா அவன் சொன்னதுல ஒண்ணு உருப்படி. "மாமா, செஞ்சு முடிச்சதும் அம்மாயியைப் படுக்க வைக்காதீங்க. முதல்ல நீங்க படுங்க. பையனை ஓட்டச் சொல்லுங்க."

வண்டியை அளந்தோம். நடு சீட்டைக் கழட்டினா அடியில தரை ஒரே மட்டமாவா இருக்குது? கால் வைக்கிற இடம் பள்ளம், அதுக்குப் பின்னாடி மேடு, சீட்டு மாட்டுற இடத்துல போல்ட்டு, ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேல எழும்பி நிக்கிற தகரம். எல்லா வண்டியும் அப்படித்தான் இருக்கும். உக்காந்து போறதுக்குச் செஞ்ச தரை அது. முன் சீட்டை முன்னால தள்ளிட்டா பின்கதவு வரைக்கும் 5 அடி 10 அங்குலம் கிடைச்சுது. சக்கரத் தகரத்துக்கு நடுவுல மூணே கால் அடி. அம்மா 5 அடி கூட இல்லை. தாராளம்.

ஒண்ணை மட்டும் முதல்லயே தீர்மானம் பண்ணிட்டேன். வண்டித் தகரத்தை எங்கயும் வெட்டறது இல்லை, ஓட்டை போடறது இல்லை, வெல்டிங் வச்சு ஒட்டறது இல்லை. ஆர்.சி.யில 7 சீட்டுன்னு இருக்குது. வேலை முடிஞ்சதும் திரும்பவும் 7 சீட்டு வண்டியா ஆகிடணும். சீட்டு மாட்டியிருந்த ஓட்டையிலயே தளத்தை மாட்டணும்.

வெல்டிங் பட்டறைத் தம்பி ஒரு அங்குல சதுரப் பைப்புல கட்டில் மாதிரி சட்டம் போட்டுக் கொடுத்தாரு. காலுக்கு அடியில தகடு. தகட்டுக்கும் தரைக்கும் நடுவுல பழைய டிராக்டர் ட்யூப்பை வெட்டி வச்சோம். அது இல்லைன்னா இரும்பும் தகரமும் உரசி வழி பூரா கிறீச்சு கிறீச்சுங்கும். மேல 19 எம்.எம். பிளைவுட். தண்ணி பட்டாலும் ஊறாத ரகமா வாங்கினேன். ரெண்டு துண்டா அறுத்து, ஒருத்தர் தூக்கி வைக்கிற மாதிரி. சட்டத்துக்கு அடியில முக்கால் அடி இடம் விட்டோம், சாமான் வைக்க.

உயரத்தை எப்படி முடிவு பண்ணினோம்னு சொல்லணும். அது வண்டியை வச்சு முடிவு பண்ணினதில்லை, எங்க ஊட்டுத் திண்ணையை வச்சு. தரையில இருந்து ஒரு ஆளைத் தூக்கி வண்டிக்குள்ள வைக்கிறதுதான் பெரிய ஆபத்து. இடுப்பு அப்பத்தான் மடங்கும். திண்ணையும் தளமும் ஒரே உயரத்துல இருந்தா தூக்கவே வேண்டாம். வண்டியைப் பின்னால விட்டுத் திண்ணையோட ஒட்டி நிறுத்தி, அம்மா படுத்திருக்கிற ஜமக்காளத்தை நாலு பேர் நாலு மூலையில பிடிச்சு அப்படியே நகர்த்திக்கலாம். திண்ணை உயரமா இருந்துச்சு, சட்டத்துக்கு ரெண்டு அங்குலம் கால் கூட்டினதும் சரியா வந்துச்சு. பின்கதவு பக்கவாட்டுல திறக்கற கதவு. முதல்லயே திறந்துட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்கணும். மொதல் ஒத்திகையில அதை மறந்துட்டு, ஸ்டெப்னி திண்ணைத் தூண்ல போயி இடிச்சதுதான் மிச்சம். தூணுக்கு ஒண்ணும் ஆகலை. அந்தக் காலத்து மரம்.

ஆசாரி வந்து ரசமட்டம் வச்சுப் பார்த்தாரு. குமிழி நட்ட நடுவுல. "ஏனுங்ணா, இதுல தண்ணி ஊத்தினாக்கூட ஓடாதுங்க"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கலை.

அதுக்கு மேல 4 அங்குல பஞ்சு மெத்தை ஒண்ணு, நல்ல மெதுமெதுன்னு, கடையில வாங்கிப் போட்டேன். பையனை ஓட்டச் சொல்லி நான் படுத்தேன். பாசன வாய்க்கால் ரோட்டுல போயி மெயின் ரோடு ஏறித் திரும்பறதுக்குள்ள எனக்கு மூணு சங்கதி தெரிஞ்சு போச்சு.

நான் பின்கதவுப் பக்கம் தலை வச்சுப் படுத்திருந்தேன். அம்மா போற வழியைப் பார்த்துக்கிட்டே வரட்டும்னு நெனச்சு. பின்சக்கரத்துக்கு மேல தலை. ஒவ்வொரு குழியும் நேரா மண்டையில வந்து அடிக்குது. திரும்பிப் படுத்து, முன்சீட்டுப் பக்கம் தலையை வச்சப்பறம்தான் மூச்சு வந்துச்சு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல வர்ற இடத்துல குலுக்கல் பாதிதான்.

அடுத்தது மெத்தை. மெதுவா இருந்தா சுகம்னு நெனச்சது தப்பு. இடுப்பு உள்ள அமுங்கிப் போயி, காலும் தோளும் மேல நிக்குது. வண்டி வளைவுல திரும்பினா உடம்பு உருளுது. கடையில உக்காந்து அமுக்கிப் பார்த்தா தெரியறதில்லை.

மூணாவதுதான் முக்கியம். தளம் மட்டமா இருக்குது, ஆனா வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. பின்னாடி பட்டை ஸ்பிரிங். பாரம் ஏத்தறதுக்குன்னு செஞ்சது. ஒத்தை ஆள் படுத்தா அது அசையவே மாட்டேங்குது. குழியில விழுந்தா அப்படியே முதுகுக்கு வந்துடுது. இது எனக்குத் தெரியாம இருந்திருக்கக் கூடாது. சின்ன வயசுல மாட்டுவண்டி ஓட்டினவன் நான். வெத்து வண்டி கட்டாந்தரையில என்ன ஆட்டம் ஆடும், பாரம் ஏத்தின வண்டி எப்படி அடங்கிப் போகும்னு கை பழகினது எனக்கு.

சாயந்தரம் அம்மாகிட்டச் சொன்னேன். சிரிச்சாங்க. "உங்கப்பன் என்னையப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்ப கூண்டு வண்டியில எதைப் போட்டாரு? வைக்கலத்தானே? முழங்கால் ஒசரத்துக்கு வைக்கல், மேல சாக்கு, அதுக்கு மேல ஜமக்காளம். நீ பொறந்ததே அதனாலதான் கோணல் இல்லாமப் பொறந்தே."

வைக்கலா, தூசி, அரிப்புன்னு நான் இழுத்தேன். அப்புறம் சரின்னு, பழைய வைக்கலை உதறி வெயில்ல போட்டு எடுத்து, சாக்குல திணிச்சு, பரவலா அமுக்கித் தைச்சு நாலு திண்டு பண்ணினோம். அதுக்கு மேல 2 அங்குலத் தென்னை நார் மெத்தை, கெட்டியா. மேல பவானி ஜமக்காளம். அந்தப் பஞ்சு மெத்தையில இப்ப எங்க ஊட்டுப் பூனை படுத்துக்குது, 2,800 ரூபாய்.

பாரத்துக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சு மணல் மூட்டை போடலாம்னு இருந்தேன். அம்மாதான் கேட்டாங்க, "தம்பி ஊட்டுக்குப் போறப்ப மணலையா கொண்டுட்டுப் போறது?" போன போகத்து அரிசி 25 கிலோ மூட்டை ஆறு. 150 கிலோ. தளத்துக்கு அடியில படுக்க வச்சோம். பின்சக்கரத்துக்கு மேலயே வச்சா பின்பக்கம் தணிஞ்சு போயி கால் பக்கமாச் சரியுது. ரசமட்டக் குமிழி முன்பக்கமா ஏறிடுச்சு. காலி வண்டியில பின்பக்கம் தூக்கி நிக்கும், ஏத்தினா இறங்கும், ஆசாரி மட்டம் பார்த்தது காலி வண்டியிலங்கிறது அப்பத்தான் உறைச்சுது. மூட்டையைச் சக்கரத்துக்கு முன்னால நகர்த்தி, பின்கால் ரெண்டுக்கும் அடியில தகடு கூட்டிச் சரி பண்ணினோம். பாரம் அடிக்கிறதுக்காகச் சக்கரத்துல எப்பவும் காத்து கூடவே அடிச்சு வச்சிருப்பேன். அதையும் வண்டிக் கதவுல போட்டிருக்கிற அளவுக்கு இறக்கினேன். திரும்பவும் படுத்தேன். அதே வாய்க்கால் ரோடு. பையன்கிட்ட "டேய், வண்டியை எடுடா"ன்னேன். "எடுத்து அரை கிலோமீட்டர் வந்தாச்சுங்கப்பா"ன்னான். பொய்தான் சொன்னான், குலுக்கல் இல்லாம இல்லை. ஆனா தூக்கிப் போடலை.

பெல்ட்டு பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா யாராவது இதைப் படிச்சுட்டுப் பலகையை மட்டும் போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. படுத்திருக்கிற ஆளை எதுவும் பிடிச்சு வைக்காது. திடீர்னு பிரேக் போட்டா அப்படியே முன்னால வந்துடுவாங்க. நடு சீட்டு பெல்ட்டு மாட்டற இடத்துலயே ரெண்டு பெல்ட்டு மாட்டி, நெஞ்சுக்கு ஒண்ணு, தொடைக்கு ஒண்ணு போட்டோம். முன்சீட்டு முதுகுப் பக்கம் தலைக்கு மேல திண்டு கட்டினோம். இதெல்லாம் பண்ணினாலும் உக்காந்து பெல்ட்டு போட்ட மாதிரி ஆகாது. அதனாலதான் 30-க்கு மேல ஓட்டறதில்லைன்னு முடிவு. அவசரத்துக்கு இது வேண்டாம். அதுக்கு 108-தான்.

எல்லாம் சேர்த்து, பூனை மெத்தையையும் சேர்த்து, 14,000 ஆச்சு.

மார்கழி கடைசியில ஒரு நா விடிகாலை 6 மணிக்குக் கிளம்பினோம். பையன் ஓட்டினான். வீட்டுல முன்னாடி. நான் தளத்துல அம்மா பக்கத்துல ஒரு ஓரமா, மடக்கின சின்ன சீட்டைப் பிடிச்சுக்கிட்டு. மூணே கால் அடியில எனக்கு அரை அடி. படுத்தா ஜன்னல்ல ரோடு தெரியாது, வானமும் மரத்து உச்சியும்தான் தெரியும். அம்மா அதை வச்சே ஊர் சொல்லிக்கிட்டு வந்தாங்க. "புளியமரம் வந்துருச்சு, பெருந்துறை தாண்டியாச்சா?" சென்னிமலைகிட்ட நிறுத்தி, பின்கதவைத் திறந்து மலையைக் காட்டினோம். படுத்த வாக்குலயே கும்பிட்டாங்க. அங்கயே காப்பி. அதுக்கு அப்புறம் புளியமரம் குறைஞ்சு பனைமரமா வர ஆரம்பிச்சுது. அம்மா பேசறதை நிறுத்திட்டாங்க. வலியான்னு முகத்தைப் பார்த்தேன். வலி இல்லை. பாதத்தை ஆட்டிக்கிட்டே பனைமரத்தை எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

மாமன் ஊட்டுக்குப் போக மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அங்கதான் நான் யோசிக்காம விட்டது தெரிஞ்சுது. அவங்க பழைய வீட்டை இடிச்சுக் கட்டிட்டாங்க. திண்ணை இல்லை. மூணு படி, வழவழன்னு டைல்ஸ். அம்மாவை இறக்கறதுக்கு உயரமா ஒண்ணும் இல்லை. நான் எங்க ஊட்டை மட்டும் அளந்தேனே தவிர அங்க ஒரு போன் போட்டுக் கேட்கலை.

மாமன் பையன்க ரெண்டு பேரும் நின்னு பார்த்தாங்க. மூத்தவன் சொன்னான், "அத்தையை இறக்க வேண்டாம் விடுங்க மாமா. அப்பாவைத் தூக்கிட்டு வந்தர்றோம். அவர்கிட்ட எலும்பு மட்டும்தான் இருக்குது." கயித்துக் கட்டிலோட தூக்கிட்டு வந்து, வண்டிக்குள்ள அம்மா பக்கத்துல படுக்க வச்சாங்க. அம்மாவுக்கு ஆகாத பக்கம் வெளிப்பக்கமா இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டோம். ரெண்டு பேருக்கும் மூணே கால் அடி மிச்சம்தான்.

வண்டியை வேப்பமர நிழலுக்கு நகர்த்திட்டுக் கதவைத் திறந்து வச்சோம். காது கேக்காததால ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினாங்க, தெருவுக்கே கேட்டுது. அவங்க அப்பா வச்சிருந்த செவலைக் காளை பத்தி, யாரோ கிணத்துல விழுந்தது பத்தி, அம்மா கல்யாணத்துல மாமன் அழுதுக்கிட்டே வண்டி பின்னால ஓடி வந்தது பத்தி. "நான் ஓடி வரலை"ன்னாரு மாமன். "வந்தே"ன்னாங்க அம்மா. இது கொஞ்ச நேரம் போச்சு. அப்புறம் சத்தமில்லைன்னு எட்டிப் பார்த்தேன். ரெண்டு பேரும் தூங்கிட்டிருந்தாங்க. ஒன்றரை மணி நேரம். யாரும் எழுப்பலை.

வரும்போது அரிசியை இறக்கிட்டு அந்த இடத்துல தேங்காயைச் சாக்குல கட்டி ஏத்தினாங்க. ஏன் இத்தனைன்னு கேட்டதுக்கு, "வண்டி ஆடக் கூடாதாமே"ன்னான் சின்னவன். பையன் சொல்லியிருக்கான்.

மாமன் மாசி மாசம் போயிட்டாரு. அன்னைக்கு அம்மா வரலைன்னுட்டாங்க. "நான் பார்த்தாச்சு, நீ போயிட்டு வா."

தளம் இப்பவும் வண்டியிலதான் இருக்குது, கழட்ட மனசு வரலை. தக்காளிக் கிரேடு சாயாம நிக்குது, அது ஒரு லாபம். பிளைவுட் ஓரத்துக்கு அலுமினியப் பட்டை அடிக்கணும், கிரேடு இழுத்து இழுத்து முனை பிரியுது. வைக்கல் திண்டுல ஒண்ணுல எலி புகுந்திருச்சு. அம்மாவுக்கு அடுத்த மாசம் ஈரோட்டுல செக்கப் இருக்குது, அதுக்குள்ள மாத்தித் தைச்சாகணும்.